கெல்வினுக்கு இடப்பக்கம்

பிப்ரவரி 5, செவ்வாய்

பிசியோவிடம் போனேன். குப்புறப் படுக்க வைத்து, காலை மடக்கி, அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே பதினஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. உன்னோட அந்த ஸ்பீக்கர் பெட்டி எவ்வளவு இருக்கும்?" என்றாள். எழுபது என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

எட்டு ஸ்பீக்கர் வைத்த கேபினெட். நிமிர்த்தினால் என் நெஞ்சு உயரம். எங்கள் ஜீலாங் ஊரில் அதை ஏற்றி இறக்காத பப் இல்லை. இருபத்தாறு வருஷமாக மூன்று பேர்தான் – டேமியன் பாட்டும் கிட்டாரும், என் அண்ணன் கெல்வின் டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார். பெட்டிக்கு ஃப்ரிட்ஜ் என்று பெயர் வைத்ததும் கெல்வின்தான், மறுமுனையைப் பிடித்துத் தூக்குவதும் அவன்தான். அவனுக்கு அறுபத்திரண்டு. இன்னும் தகரக் கூரை போட ஏணி ஏறுகிறான். யார் சொல்லிக் கேட்கிறான்.

ஐம்பத்தேழு வயதில் ஒரு பெட்டிக்காகக் காரில் உட்கார்ந்து அழுதேன். எழுதி வைக்கிறேன், சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 9, சனி

டிபோர் கடையில் மூன்று மணி நேரம். ஊரில் பாதிப் பேருக்கு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிற ஹங்கேரிக்காரர். விற்பதை விட வாங்காதே என்று சொல்வதில்தான் அவருக்கு ஆர்வம்.

ஒரு பெட்டியில் அடிக்கம்பியைத் தட்டினேன், தேன் மாதிரி இருந்தது. இதுதான் என்றேன். "தனியா வாசிச்சுப் பாத்து மயங்காத லின்" என்றார். "தனியா கேட்டா எல்லாம் அழகாத்தான் இருக்கும். டிரம்ஸும் கிட்டாரும் சேரட்டும், இது இருக்கற இடமே தெரியாது. மூக்கடைச்ச மாதிரி ஒண்ணு கேட்டியே, உனக்குப் பிடிக்கலன்னு, அதுதான் கூட்டத்துல நிக்கும்." அவரே ஒரு கிட்டாரை எடுத்துக் கூட வாசித்துக் காட்டினார். தேன் காணாமல் போனது. மூக்கடைப்பு நின்றது. மனுஷன் சொன்னது சரி.

ஒற்றை ஸ்பீக்கர் கேபினெட், பன்னிரண்டு கிலோ. அதன்மேல் வைக்க ஒரு ஆம்ப், அகராதி அளவுதான். சத்தத்தை ஒரே மட்டத்தில் பிடித்து வைக்கிற கம்ப்ரஸர் பெடல் ஒன்று, கொஞ்சம் கரகரப்பு சேர்க்கிற பெடல் ஒன்று. கூடவே, பெட்டிக்கு அடியில் போட ஒரு நுரைப் பலகை. மரமேடையில் தரையும் சேர்ந்து அதிர்ந்து பேஸ் கொழகொழவென்று ஆகிவிடுகிறது, பலகை இருந்தால் அந்த அதிர்வு தரைக்கு இறங்காது. அது என் யோசனை. என் சொந்த யோசனை.

ஃப்ரிட்ஜை டிபோரே எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 10, ஞாயிறு

புதுப் பெட்டி ஒரு கையில், உருளைக்கிழங்குப் பை மறுகையில். படியேறிவிட்டேன்!

பிப்ரவரி 12, செவ்வாய்

கெல்வினுக்குத் தகவல் அனுப்பினேன். கூப்பிட்டால் எடுக்க மாட்டான். போன் பேசுவது தனக்கு ஆகாது என்று அவன் சொல்லி நாலைந்து வருஷம் இருக்கும்.

"ஃப்ரிட்ஜை வித்துட்டியா" என்று வந்தது. அரை மணி கழித்து, "சரி. புதுசை என் இடப்பக்கம் வை. தரைலயே வை."

இதில் மட்டும் அவனுக்கு ஆயிரம் சாஸ்திரம். பெட்டி அவன் இடப்பக்கம், ஸ்டூலை உரசிக்கொண்டு நிற்க வேண்டும். டிரம்ஸ் வாசிக்கும்போது வெறுங்கால். சிமென்ட் தரை என்றால் அந்த இடமே வேண்டாம். போன வருஷம் ஃபுட்பால் கிளப் நிகழ்ச்சியை அதனாலேயே விட்டோம். ஒத்திகை வைத்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். எங்களுக்குத்தான் ஒத்திகையே கிடையாதே. அதே நாற்பது பாட்டு, எதற்கு என்பான். டேமியனும் தலையாட்டுவான்.

மார்ச் 3, ஞாயிறு

ஆங்கர் பப், மதியம் மூன்று மணி. நல்ல வெயில், தோட்டம் முழுக்கக் குடும்பங்கள். எழுதவே கை வரவில்லை.

நுரைப் பலகையைப் போட்டுப் பெட்டியை வைத்தேன். கெல்வின் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றான். குனிந்து வயர் செருகிக்கொண்டே விவரம் சொன்னேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

முதல் பாட்டில் கொஞ்சம் முன்னால் ஓடினான். இரண்டாவதில் சரணம் வருவதற்குள் நிறுத்தினான். நாலாவதில் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், டேமியன் நடுவில் வார்த்தையை விட்டுவிட்டு நின்றான். கெல்வின் ஸ்டூலை இழுத்து இழுத்துப் பெட்டியோடு முட்ட வைத்தான். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிற பையன் மாதிரி. முன்வரிசையில் எவனோ சிரித்தான்.

ஆறாவது பாட்டோடு டேமியன் இடைவேளை என்று அறிவித்துவிட்டு, என்னை ஓரமாக இழுத்து, "உங்க அண்ணன் குடிச்சிருக்கான்" என்றான். குடிக்கவில்லை. எனக்குத் தெரியும். அப்புறம் என்ன? வயசா? நான் அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

என் சத்தம் மட்டும் மணி மாதிரி தெளிவாக இருந்தது. அந்த நேரத்திலும் அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6, புதன்

டேமியன் வீட்டுக்கு வந்தான். டீயைத் தொடவில்லை.

"ரெண்டு இடத்துல இனிமே வேண்டாம்னுட்டாங்க. அவனை நிறுத்தணும் லின்."

"நிறுத்து."

"நான் எப்படிச் சொல்றது? நீதானே தங்கச்சி."

நேரில் போயிருக்கலாம். பதினைந்து நிமிஷ வழிதான். போகவில்லை. கொஞ்ச நாள் ஓய்வெடு, வேறு ஆளை வைத்துப் பார்க்கிறோம் என்று தகவல் அனுப்பினேன். நாலு தடவை எழுதி அழித்து அனுப்பினேன்.

பதில்: "சரி. வேன் சாவி வாளிக்கு அடில இருக்கும். வேணும்போது எடுத்துக்கோ."

மார்ச் 17, ஞாயிறு

புது டிரம்ஸ்காரி, பிரையோனி. கைக்கடிகாரம் மாதிரி அடிக்கிறாள். கடைசியில் ஒருவர் வந்து, "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நீ என்ன வாசிக்கறன்னே கேட்டுது" என்று பாராட்டினார்.

கெல்வின் வரவில்லை. ஏன் வருவான்?

மார்ச் 23, சனி

கெல்வின் வேனைத் திருப்பி விடப் போனேன். வாசலில் கூப்பிட்டேன், பதில் இல்லை. பக்கவாட்டில் சுற்றிப் போனேன். நாய் குரைத்துத் தள்ளியது. கெல்வின் முதுகைக் காட்டிக்கொண்டு தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தான். "கெல்" என்றேன். கத்தினேன். அவனுக்கு மூன்றடி பின்னால் நின்று கத்தினேன்.

நாய் அவன் காலில் போய் மோதியது. அப்போதுதான் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே போய்த் தண்ணீர் வைத்தான். கெட்டில் விசிலடித்துக்கொண்டே இருக்க, ஆவி வருகிறதா என்று திரும்பிப் பார்த்து அணைத்தான். எத்தனை தடவை இந்தச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

"எப்போலேர்ந்து?"

"ஆறு வருஷமா கொஞ்சங்கொஞ்சமா. ரெண்டு வருஷமா ஏறக்குறைய ஒண்ணுமே இல்ல. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறேன். நீ கொஞ்சம் வாயைத் திறந்து பேசற, டேமியன் முணுமுணுக்கறான், கஷ்டம்."

"காது கேக்காம எப்படி வாசிச்ச?"

வெறுங்காலைத் தூக்கிப் பலகைத் தரையில் மெல்லத் தட்டினான். "நீதான். உன் ஃப்ரிட்ஜ். தரை வழியா வரும், ஸ்டூல் வழியா முதுகுல வரும். நீ எங்க இருக்கேன்னு தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் மனப்பாடம்தானே."

"அன்னிக்கு..."

"அன்னிக்கு நீ இல்ல லின். பாத்தேன், விரல் ஓடுது. ஆனா நீ இல்ல."

அந்தப் பலகை. என் கையால. காசு குடுத்து வாங்கி, குனிஞ்சு, அவன் கால்கிட்ட நானே வச்சேன். அவன் எதுக்குன்னு கேட்டப்போ தரையப் பாத்துப் பதில் சொல்லியிருக்கேன். அவனுக்கு அது போயே சேரல.

"ஏன் சொல்லல? எங்கிட்டயாவது?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

சொல்லாமலே நிறுத்தினோம். அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. டேமியனிடம் மட்டும் சொல்லாதே என்றான்.

மார்ச் 24, ஞாயிறு

நுரைப் பலகையை வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதனால் என்ன ஆகிவிடப் போகிறது?

மார்ச் 29, வெள்ளி

டேமியனிடம் சொல்லிவிட்டேன். குடிகாரன் என்றே அவன் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அவன் முன்னாடி நின்னு இருபத்தாறு வருஷம் பாடியிருக்கேன். ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான். உடனே காரை எடுத்துக்கொண்டு கெல்வின் வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்டான், திரும்பி வா என்றான், பழைய மாதிரிப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்றான்.

கெல்வின் வரமாட்டேன் என்றுவிட்டான். "இத்தனை நாள் ஜனங்க ஆடினாங்க. இனிமே எல்லாரும் என் காலையே பாப்பாங்க. பாவம், எப்படி வாசிக்கறான் பாருன்னு. அது எனக்கு வேண்டாம்."

எனக்கு ஒரே ஒரு தகவல்தான் வந்தது: "சொல்லாதேன்னு சொன்னேன்."

ஏப்ரல் 25, வியாழன்

விடியற்காலையில் போர் நினைவுக் கூட்டம். அப்பாவுக்காக வருஷா வருஷம் சேர்ந்துதான் போவோம். இந்த வருஷம் அவன் அந்த ஓரத்தில் நின்றான், நான் இந்த ஓரத்தில். ஊதுகொம்பு முடிந்து எல்லோரும் தலை நிமிர்ந்த பிறகு, மற்றவர்களைப் பார்த்து அவனும் நிமிர்ந்தான்.

ஜூன் 11, செவ்வாய்

கெல்வினுக்கு அனுப்பிய எட்டாவது தகவலுக்கும் பதில் இல்லை.

ஜூன் 22, சனி

டிபோரிடம் போய் ஃப்ரிட்ஜ் எங்கே என்று கேட்டேன். கோலாக் ஊரில் ஒரு சர்ச் வாங்கிக்கொண்டு போனதாம். "எதுக்கு? உன் முதுகு என்ன இரும்பா?" என்றார். சொன்னேன். மனுஷன் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பலகையை நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றார். நான்தான் கேட்டேன் என்றேன்.

ஜூலை 13, சனி

கோலாக். சர்ச்சில் ஃப்ரிட்ஜைக் கம்பளத்தின் மேல் நிறுத்தி, மேலே பூச்சாடி வைத்திருந்தார்கள். பாட்டுக் குழுவை நடத்துகிற நோரீன் என்கிற அம்மாளுக்கு என் சின்னப் பெட்டியைக் காட்டினேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இதையா அதுக்குப் பதிலாக் குடுக்கறே? உனக்குப் புத்தி நல்லாத்தானே இருக்கு?" அதைத் தள்ளித் தள்ளியே அவர்களில் இரண்டு பேருக்கு இடுப்பு போய்விட்டதாம்.

ஆம்ப், பெடல் இரண்டு, பெட்டி, எல்லாவற்றையும் கொடுத்தேன். நாலு பேர் சேர்ந்து ஃப்ரிட்ஜை வாடகை வேனில் ஏற்றினார்கள். என்னால் இனி இதைத் தூக்க முடியாது. எங்கே இறக்குகிறேனோ அங்கேயேதான் இருக்கும், நானும் அங்கேதான் வாசிக்க முடியும். கோலாக்கிலிருந்து வருகிற வழியிலேயே டேமியனுக்குச் சொல்லிவிட்டேன், எனக்குப் பதில் வேறு ஆளைப் பார் என்று. அவன் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கெல்வின் கதவைத் திறந்தான். வேனைப் பார்த்தான். உள்ளே போய்த் தொலைக்காட்சியை நகர்த்தி இடம் பண்ணினான். டேமியனும் டிபோரும் இறக்கினார்கள். டிரம்ஸ் இன்னும் கொட்டகையில்தான், தார்ப்பாய்க்கு அடியில்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆங்கரில் இன்றைக்கு டேமியன் ஆட்கள் மூன்று மணிக்கு வாசிக்கிறார்கள். புது பேஸ்காரனும் நன்றாகத்தான் வாசிக்கிறானாம்.

போன வாரம் டிரம்ஸ் உள்ளே வந்துவிட்டது. ஆம்ப், என் பழையது, என் வீட்டு அலமாரியில் கிடந்ததை எடுத்துப் போனேன். கெல்வின் சோபாவில் உட்கார்ந்து வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டான். நான் ஒவ்வொரு குமிழாகத் திருப்பினேன். அவன் கட்டைவிரலை மேலே காட்டினால் கூட்டினேன், கீழே காட்டினால் குறைத்தேன். மேல்ஸ்தாயி முழுக்கப் போய்விட்டது. கரகரப்பு போனது. கடைசியில் மிஞ்சியது என் காதுக்கு வெறும் சேறு. எந்தக் கடையிலும் இந்தச் சத்தத்துக்கு ஒருத்தரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஜன்னல் நடுங்குகிறது, அலமாரியில் கோப்பைகள் நகர்கின்றன.

அவன் முகத்தைப் பார்த்து அதுதான் என்று தெரிந்துகொண்டேன். எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியோடு முட்டும்வரை பின்னால் தள்ளிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

மூன்று பாட்டு வாசித்தோம். பாட ஆளில்லை, கேட்க நாய் மட்டும். மூன்றாவதின் நடுவில் எனக்குத் தாங்கவில்லை. "மன்னிச்சிடு கெல், நான் அன்னிக்கே நேர்ல வந்திருக்கணும்" என்று சத்தமாகச் சொன்னேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான்.

முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மூணாவது பாட்டு நடுவுல நீ பின்தங்கிட்ட" என்றான். "என்ன ஆச்சு?"

ஒன்றுமில்லை என்றேன், வாயை நன்றாகத் திறந்து.