அப்பாவுக்கு முன்னால் நடந்த நாட்கள்

ஏப்ரல் 18, சனி

தேர்வு முடிந்தது. வரலாற்றுத் தாளில் கடைசிக் கேள்வியைப் பாதி எழுதும்போதே பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அழலாம் என்றிருந்தேன். அப்பா வாசலிலேயே நிறுத்தி, அடுத்த வாரம் பறவை பார்க்க மலைக்குப் போகிற குழுவோடு நீயும் வருகிறாயா என்று கேட்டார்.

எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வழிகாட்டியாக வேலைக்குப் போகிற இடத்துக்குச் சொந்தப் பிள்ளையைக் கூட்டிப்போவது தொழிலுக்கு அழகில்லை என்பதுதான் இதுவரை அவர் பதில். இப்போது எப்படி மனம் மாறியது? ஒழுங்காகப் படித்ததற்குப் பரிசாகத்தான் இருக்கும்.

அம்மா மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 23, வியாழன்

பறவைப் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டேன். பைனாகுலரைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

ஏப்ரல் 25, சனி

முதல் நாள். ஏரி.

எங்களோடு வந்திருப்பவர்கள் நான்கு பேர். ஓய்வு பெற்ற வங்கி அங்கிள், அவர் மனைவி, தனியாக வந்திருக்கும் டாக்டரம்மா, கழுத்தில் இரண்டு கேமரா தொங்கும் ஓர் அண்ணன். வேன் ஓட்டுகிற மாமா என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன புரொபசர், லைப்ரரியைப் பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றார். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. காட்டிக்கொள்ளவில்லை.

ஏரியில் அப்பா ராஜா. நாங்கள் கண்ணைச் சுருக்கிக் கரும்புள்ளி என்று பார்த்ததை, வெறும் கண்ணாலேயே முக்குளிப்பான் என்றார். இப்போது முங்கும் பாருங்கள் என்றார். முங்கியது. நாணலுக்குள் நின்ற சாம்பல் குச்சியைக் காட்டி, அது குச்சியில்லை, நாரை என்றார். குச்சி கழுத்தை நீட்டி மீனைப் பிடித்தது. இப்படி ஒரு கண் கல்யாணத்துக்கு முன்னால் தனக்கு இருந்திருந்தால், என்று வங்கி அங்கிள் இழுத்தார். இருந்திருந்தாலும் பெண் கொடுக்க எங்கப்பாவை விட்டால் யார் இருந்தார்கள் என்று ஆன்ட்டி கேட்டார். எல்லாரும் சிரித்ததில் நாரை பறந்துவிட்டது.

வகுப்பில் யாருடைய அப்பாவும் இப்படி இல்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மேட்டுப் புல்வெளி. காற்று அப்படி அடித்தது, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. ஒரு கழுகு மட்டும், காற்றில் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது.

ஏப்ரல் 27, திங்கள்

காடு. இங்கே அப்பாவின் முறையே வேறு. இலை அடர்த்தியில் பறவை கண்ணில் படாது, காதில்தான் படும். ஒவ்வொரு வளைவிலும் அப்பா கையை உயர்த்துவார். எல்லாரும் சிலையாக நிற்க வேண்டும். கை இறங்கியதும் பறவையின் பெயரைச் சொல்லி, திசையைக் கடிகார முள்ளாகச் சொல்வார். "பதினோரு மணி, நடுக்கிளை, வெள்ளைக்கண்ணி." எல்லா பைனாகுலரும் அங்கே திரும்பும்.

என்னைத் தனக்கு நேர் முன்னால் நடக்கச் சொன்னார். பெருமையில் தரையில் கால் பாவவில்லை. சத்தம் வந்த பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டே நடந்தேன். உங்கள் பெண்ணின் தலை ஆண்டெனா மாதிரிச் சுற்றுகிறதே என்றார் வங்கி அங்கிள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு வளைவில் என் ஷூ கயிறு அவிழ்ந்து, குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, ஊசியால் கண்ணாடியில் கோடு கிழிப்பதுபோல ஒரு மெல்லிய சீழ்க்கை. திரும்பத் திரும்ப. அப்பா கையை இறக்கினார்.

"காடு இன்னும் முழிக்கல. போகலாம்."

மற்றவர்கள் அதுவரை பேசிக்கொண்டே வந்தார்கள், கவனிக்கவில்லை போல. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று சோதித்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மரங்கொத்தி தட்டியது, நான் தலையை அசைக்கவில்லை. அப்பா சரியாகச் சொன்னார். புறா முனகியது, சொன்னார். மெல்லிய குரல்கள் வந்தபோது கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். அப்பா ஒன்றையும் சொல்லவில்லை. அது போதாதா எனக்கு? போதவில்லை. எதுவுமே கூப்பிடாத ஒரு பக்கம் வேண்டுமென்றே தலையைத் திருப்பினேன்.

"ரெண்டு மணி, புதருக்கு அடியில. கதிர்க்குருவி" என்றார் அப்பா.

எல்லாரும் புதரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் கேமராவைத் தூக்கியபடியே வெகுநேரம் நின்றார். டாக்டரம்மா மட்டும் புதரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

சாயங்காலம் விடுதிக்குப் பின்னால், வேன் மறைவில் அப்பாவைப் பிடித்தேன். அங்கே எதுவும் இல்லை என்று சொன்னேன். முதலில் புரியாதவர் மாதிரி இருந்தார். பிறகு வேன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"போன மழைக்காலத்துல ஆரம்பிச்சுதும்மா. முதல்ல காட்டுலதான் குருவி குறைஞ்சு போச்சுன்னு நெனச்சேன். ஆபீஸ்ல அப்படியே எழுதிக்கூடக் குடுத்தேன்."

"அதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

"உங்கம்மா வேண்டாம்னுதான் சொன்னா" என்றார்.

அப்போ அம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. பரிசுன்னு நெனச்சேனே. முன்னால நடக்கச் சொன்னப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டேன். படிச்சதுக்கு இல்ல, ஒண்ணுக்கும் இல்ல. ரெண்டு காதுக்கு.

சாப்பிடப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 29, புதன்

மலை உச்சி. கடைசி நாள். இவர்கள் எல்லாரும் பயணம் வந்ததே இந்த மலையில் மட்டும் இருக்கிற நீல ஈப்பிடிப்பானுக்காகத்தான். கட்டைவிரல் அளவுப் பறவை. குரலைப் பிடித்துப் போனால்தான் பார்க்க முடியும்.

வேனை விட்டு இறங்கியதும் அப்பா என்னிடம், "நீ இன்னைக்குக் கடைசியில நட" என்றார். கோபமாக இல்லை. நேற்று சாப்பிடாமல் படுத்தவளை இன்று பயன்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பார். அது எனக்கு அப்போது புரியவில்லை. என்னை வேண்டாம் என்று ஒதுக்குகிறார் என்று நினைத்தேன்.

பனி கலைந்தபோது பாதை ஒரு சிறு சோலைக்குள் நுழைந்தது. அப்பா கையை உயர்த்தினார். உயர்த்திய உடனே அது கூப்பிட்டது. நேர் மேலே. அதே ஊசிக் கோடு. அன்றைக்கு மாதிரி இல்லை, இன்று எல்லாரும் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் கேட்டது. ஆன்ட்டி அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான்கு முதுகுகள். நான் எப்படிக் காட்டுவேன்?

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எவ்வளவு பொறுமையாகக் கேட்டார். பிறகு கையை இறக்கினார்.

"இங்க இல்ல. இன்னும் மேல போய்ப் பாக்கலாம்."

யாரும் நகரவில்லை. பறவை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கேமரா அண்ணன் வாயைத் திறந்தார், டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டதும் மூடிக்கொண்டார். அப்பா திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகங்களிலிருந்துதான் அவருக்குத் தெரிந்தது.

அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குக் கேக்கலீங்க" என்றார். "ரொம்ப நாளாவே கேக்கல. நேத்து புதருல ஒண்ணும் கிடையாது. மன்னிச்சுக்கங்க. என் பொண்ணுக்குக் கேக்கும். அவ வரேன்னா, காட்டுவா."

அவ வரேன்னா.

நான்கு முதுகுகளும் வழிவிட்டன. நான் முன்னால் போனேன். "பன்னெண்டு மணி. ரெண்டாவது கிளை. பாசிக்குப் பக்கத்துல." எல்லாரும் பார்த்தார்கள். அண்ணனுடைய கேமரா விடாமல் அடித்தது. ஆன்ட்டி அழுதார், பறவைக்காகவா என்று தெரியவில்லை.

அப்பாவும் பைனாகுலரில் பார்த்தார். எல்லாரும் இறக்கிய பிறகும் இறக்கவில்லை.

"அலகு திறந்து மூடுது" என்றார், எனக்கு மட்டும். "தொண்டை துடிக்கிறதுகூடத் தெரியுதும்மா."

திரும்பும்போது மாமா வேனில் பாட்டுப் போடவில்லை.

மே 6, புதன்

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த இடத்தில் அப்பாவின் காதைச் சோதித்தார்கள். அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். நானும் அம்மாவும் வெளியே நின்றோம். வெகுநேரம் அமுக்காமலே உட்கார்ந்திருந்தார். மேலே பார்த்துக்கொண்டு, காட்டில் நிற்கிற மாதிரியே.

கருவி வைக்கலாம், மனிதர் பேச்சுக்கு உதவும் என்றார்கள். குருவிகளுக்கு? அதை அப்பா கேட்கவில்லை. நான் கேட்டேன். அங்கிருந்த அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

மே 14, வியாழன்

பயணங்களை நடத்துகிற முதலாளியம்மா வீட்டுக்கு வந்தார். நல்லவர். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மலைக்கு இனி வேறு வழிகாட்டி. ஏரி மட்டும் அப்பாவுக்கு.

அப்பா சரி என்று மட்டும் சொன்னார். முதலாளியம்மா போன பிறகு அம்மா மேசையைப் பார்த்து, "சீக்காளியைப் பாக்க வர்ற மாதிரி பழம் வாங்கிட்டு வந்திருக்கா" என்றாள். இரண்டு நாளாகியும் யாரும் அதைத் தொடவில்லை என்று நாளை மறுநாள் எழுதப்போகிறேன், எனக்குத் தெரியும்.

மே 15, வெள்ளி

அம்மாவிடம் ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ அவ்வளவு சந்தோஷமாகப் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தாய், எந்த வாயால் சொல்வது என்றாள்.

மே 30, சனி

இன்று விடியற்காலை மலை வேன் அப்பா இல்லாமல் போனது. போகும் வழியில் புது வழிகாட்டி போன் செய்து, ஈப்பிடிப்பான் இருக்கும் இடம் கேட்டார். அப்பா போனைக் காதில் அழுத்திக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். எந்த வளைவு, எந்த மரம், பனி கலைய எவ்வளவு நேரமாகும். "கூப்பிடும். அவசரப்படாம நில்லுங்க" என்றார். வைத்த பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கமும் திருப்பவில்லை.

பிறகு அவராகவே பேசினார்.

"நாளைக்கு ஏரிக்குப் போறேன். வர்றியா?"

யாரெல்லாம் வருகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார்.

"அங்க நான் என்ன பண்ணணும்?"

கேட்டதும் அவர் முகம் மாறியது. கேட்டிருக்கக் கூடாதோ? ஆனால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. ஏரியில எல்லாம் கண்ணு முன்னாடியேதான் இருக்கும். நீ சும்மா வா."

சரி என்றேன். அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து பக்கத்தில் போய், கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.