முதலில் குறைப்பவர்

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீ சிங்கப்பூருக்குப் போன பிறகு ஜொகூர் பாரு வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது.

இந்த வாரம் லாவோஸிலிருந்தும் திமோரிலிருந்தும் வந்த தொலைத்தொடர்பு அதிகாரிகளுக்கு நானும் என் ஆபீஸ் பிரவீனாவும் பயிற்சி கொடுத்தோம். எல்லையில் இரண்டு நாட்டுக் கோபுரங்களும் போட்டி போட்டுக்கொண்டு அலையின் வலுவைக் கூட்டினால், இரு பக்கமும் போன் பேச்சு சரியாகக் கேட்காது. கலந்து பேசி இருவரும் குறைக்க வேண்டும் என்று விளக்கினேன்.

“யார் முதலில் குறைப்பது?” என்று திமோர் அதிகாரி கேட்டார். முப்பது வருடம் இந்த வேலை பார்த்த நான் பிரவீனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் காதருகே தமிழில் சொன்னாள்: “எதிர்ப்பக்கம் பேசறது யாருக்குக் கேக்கணுமோ, அவங்கதான்லா, சார்.”

உன் கல்யாணத்துக்கு முதல் நாள் போனில் நான் ‘அந்த ரோலண்ட், அந்த ரோலண்ட்’ என்று கத்திக்கொண்டே இருந்தேன். நீ ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

இதையும் போனில் சொல்லியிருக்கலாம். போனில் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வந்தால் நண்டு வாங்கலாம் என்றிருக்கிறேன். மாப்பிள்ளை ரோலண்டுக்குக் காரம் ஆகுமா?

அப்பா