ஈஸ்டர் முடிந்தும் விடாத ஒருசந்தி

ஜூன் 11, 2025, புதன்

ஷெரினைப் பட்டினி போட்டது நாங்கள். கைதட்டிப் பட்டினி போட்டோம்.

காலை பிரேயரில் வரிசையில் நின்றபடியே சரிந்தாள். பிளஸ் டூ, ஆவூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஓடிப்போய்த் தூக்கினேன் — கையில் கனமே இல்லை. அம்மா அருளம்மாள் கடலைக்காட்டிலிருந்து மண் கையோடு வந்தார். "தவக்காலத்துல ஒருசந்தி இருந்தா, ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு மாசமாகப் போவுது. இன்னும் விடமாட்டேங்குறா."

மார்ச் மாதம் நான் என்ன செய்தேன்? வகுப்பு முன்னால் அவளை எழுப்பி நிற்க வைத்து, "மனக்கட்டுப்பாடுன்னா இதுதான், பாத்துக்கங்க" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கோயிலிலும் பாராட்டு, தெருவிலும் பாராட்டு. ஏழு பள்ளிக்கு ஒரே கவுன்சிலர் நான். இதற்குத்தான் எம்.எஸ்.டபிள்யூ. படித்தேனா?

ஜூன் 12

கிளினிக்கில் மூன்று நிமிடம் பார்த்தார்கள். "அல்சர். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க."

அடப்பாவிகளா, அதுதானே அவளால் முடியவில்லை!

ஜூன் 14, சனி

உணவுக் கோளாறுகள் பற்றி கவுன்சிலர்களுக்கு ஆன்லைன் பயிற்சி. பன்னிரண்டு சனிக்கிழமை. லீவு நாளைப் பிடுங்குகிறார்கள் என்ற எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். முதல் படமே கண்ணாடி முன்னால் நிற்கும் வெள்ளைக்காரப் பெண். பொறுக்கவில்லை. மைக்கைத் திறந்தேன்.

"சார், எங்க ஊர்ல கண்ணாடி முன்னாடி நின்னு யாரும் மெலியல. சாமி முன்னாடி நின்னு மெலியுறாங்க."

பயிற்சி தருபவர் சென்னையிலிருந்து டாக்டர் ஆத்மநாதன். கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை மூடினார். "யாருங்க அந்தப் பிள்ளை? சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"நாடி பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"படுக்க வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு ஒரு தடவை. இப்பவே போங்க. கிளாஸ் அப்புறம்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். படுக்கையில் நாடி நாற்பத்திரண்டு; அறுபதுக்குக் கீழே போகவே கூடாது. எழுந்து நின்றதும் கண்ணை இருட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தாள். சாயங்காலம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். டியூட்டி டாக்டரிடம் ஆத்மநாதன் சாரே போனில் பேசினார். "ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா இதயம் தாங்கியிருக்காது" என்றார்களாம்.

நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், திரையில் தலை மட்டும் தெரிகிற ஒரு மனிதர். நான் மூன்று மாதமாகப் பக்கத்தில் இருந்து பார்க்காததைப் பார்த்துவிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி செவ்வாய்தோறும் ஆன்லைனில் சிகிச்சை. சிக்னல் மொட்டைமாடியில்தான். என் போனைத் தண்ணீர் டேங்கில் சாய்த்து வைத்து மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தோம்.

"இப்போதைக்கு மருந்து சோறுதான். என்ன, எவ்வளவுன்னு அம்மாதான் முடிவு பண்ணணும். பேரம் கிடையாது" என்றார் டாக்டர்.

அருளம்மாள் மிரண்டுவிட்டார். "நான் எட்டாப்பு சார்."

"இவ்வளவு நாள் இவளுக்குச் சோறு போட்டு வளத்தது யாரு? நானா?"

முதல் தடவையாக அந்த அம்மா சிரித்துப் பார்த்தேன். ஷெரின் சிரிக்கவில்லை. காலையில் பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து, "ஒருசந்தி முடிஞ்சிருச்சும்மா, நானே சொல்றேன், சாப்பிடு" என்றாராம். "அது ஒங்களுக்கு முடிஞ்சிருக்கும் சாமி" என்றாளாம்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது?

மூன்று இட்லி. ஷெரின் தட்டைச் சுவரில் எறிந்தாள். அருளம்மாள் எழுந்துபோய் வேறு தட்டில் மூன்று இட்லி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கத்தினாள். "நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்றாள். அந்த அம்மாவின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நான் ஒன்ட்ட பேசலடி. ஒனக்குள்ள உக்காந்திருக்கு பாரு, அதுக்கிட்ட பேசுறேன். அது போகட்டும், நான் இங்கிட்டுதான் இருப்பேன்."

நோயையும் பிள்ளையையும் பிரித்துப் பாருங்கள் என்று டாக்டர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் நான்கு பக்கம் குறிப்பு எடுத்தேன். அருளம்மாள் செய்துகாட்டிவிட்டார். ஒரு மணி நாற்பது நிமிடம். கடைசி விள்ளலையும் ஷெரின் விழுங்கினாள்.

ஜூலை 5, சனி

இன்றைய பயிற்சி முடிந்ததும் எங்களுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் — கவுன்சிலர்களுக்கே கவுன்சிலிங். "இந்த வாரம் யார் மேல கோபம், புவனேஸ்வரி?" என்றார் டாக்டர். என் மேல்தான் என்றேன். கைதட்ட வைத்த கதையைச் சொன்னேன். வெட்கமாகப் போயிற்று.

"இதை ஷெரின்கிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் பண்ணுனது தப்பு. ஒன் பசியைக் காட்டிப் பேர் வாங்கினேன்."

"அன்னைக்குத்தான்க்கா அந்த ஒரு வேளைச் சோத்தையும் பாதியாக்குனேன்" என்றாள்.

ஜூலை 22

எடை கூடியிருந்தது. பிறகுதான் தெரிந்தது — மூன்று சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஏறி நின்றிருக்கிறாள். கோபம் வரவில்லை. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை! அத்தனையையும் இந்த நோய் தின்கிறதே.

ஆகஸ்ட் 15

மாதா திருவிழா, கோயிலில் சாப்பாடு. ஷெரின் வரிசையில் நின்று இரண்டு கரண்டி சாம்பார் சாதம் கேட்டு வாங்கினாள். அருளம்மாள் அங்கிட்டுத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன்டி, ரெண்டுதானா?" என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பயிற்சி சனிக்கிழமையோடு முடிந்தது. சிகிச்சை தொடர்கிறது. ஷெரின் நாடி அறுபத்தாறு.

இன்று அவளே போனை எடுத்து வைத்துக்கொண்டாள். மடியில் தட்டு, தோசை பாதி தீர்ந்திருந்தது. இத்தனை வாரமாக ஒற்றை வார்த்தையில் பதில் சொன்ன பெண், தானாகப் பேசினாள்.

"சார், நான் சாப்புடுறேன். நிறுத்தமாட்டேன். ஆனா ஒவ்வொரு வாய்க்கும் அது உள்ள இருந்து திட்டிக்கிட்டேதான் இருக்கு. எப்ப நிக்கும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சிக்னல் முழுசாக இருந்தது.

ஷெரின் என் பக்கம் திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஒரு தேதி சொல்லுங்க சார். அதுவரைக்கும் தாங்கிக்கிறேன். தேதி சொல்லுங்க."