மூச்சு நிபுணரின் வீட்டு ஆராதனை

ஃபெபி அக்காவுக்கு,

பாளையங்கோட்டையிலேயே மூச்சை முழுதாய் அறிந்தவன் நான்தான். அதனால்தான் நேற்று அப்பா மூச்சுத் திணறியதை நடிப்பு என்றேன். மூச்சுப் பயிற்சிக்காக நீ அவரை வேதாகமத்துச் சங்கீதம் உரக்க வாசிக்க வைப்பதை 'வீட்டு ஆராதனை' என்று கேலி செய்தேன். பார்க்கின்சன் நோய் அவர் குரலைத்தான் பாதி எடுத்திருக்கிறது, காதை விட்டுவைத்திருக்கிறது; நான் சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

நேற்றைய நாலு மணி மாத்திரை பெட்டியில் அப்படியே கிடக்கிறது. கொடுக்க மறந்தவன் நான், திணறல் அதனால்தான். இன்றைய நாலு மணி மாத்திரையை நீ கொடுத்துவிடு. கஞ்சி கெட்டியாக இருக்கட்டும், தண்ணியாய் இருந்தால் புரையேறும்.

நீ எழும்புமுன் கல்லூரிக்குக் கிளம்புகிறேன். நேற்று ராத்திரி மாதிரியே என்னோடு பேசாமலே இரு, பரவாயில்லை.

சுபின்

பி.கு.: இப்போது கிளம்பும் முன் வேதாகமத்தை அப்பாவிடம் நீட்டினேன். "ஏலே, ஒத்தைல நடிக்க மூச்சு பத்தல. நீயும் சேந்து நடி" என்றார். ஆளுக்கொரு வசனமாக வாசித்தோம். ஆராதனை முடிந்தது, காணிக்கை எடுக்கவில்லை.