மணியடிக்காத பெரியவர்

பிப்ரவரி 3
கணினி விளையாட்டுகளுக்கு ஓவியம் செய்யும் படிப்பில், மேல் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் முதலாம் ஆண்டு மாணவர் மூன்று பேருக்கு வழிகாட்ட வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு சேர்ந்தவன் என்பதால் என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை.
"நீங்களா வழி காட்டப் போறீங்க? பக்கத்துத் தெருவுக்குப் போனாலே நாலு பேர்கிட்ட வழி கேட்பீங்களே" என்றாள் மனைவி.
கேட்பது தப்பா?

பிப்ரவரி 5
மூவரும் வந்தார்கள். ஒருத்தி வாயாடி. ஒருவன் தூங்குமூஞ்சி. மூன்றாமவள் பேசுவதே இல்லை; எதையாவது வரைந்துகொண்டே இருக்கிறாள். மேல் வகுப்பு ஆண்களை 'அண்ணா' என்பதுதான் இங்கே வழக்கமாம்.
"அண்ணா, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருக்கீங்களே, மூச்சு வருதா?" என்றாள் வாயாடி.
அவளுடைய தாத்தாவைவிட நான் மூத்தவனாக இருப்பேன். வருகிறது என்றேன்.

பிப்ரவரி 11
அவர்களுக்கு வந்திருக்கும் வேலை: ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையைக் கணினிக்குள் கட்டுவது. மாதக் கடைசியில் கண்காட்சி. அங்கே அது திணறாமல் ஓடினால்தான் மூவரும் தேர்ச்சி. மாதிரிக்கு ஒரு மேசை செய்து காட்டினேன், இழுப்பறைக்குள் திருகாணி வரைக்கும்.
"இந்த டிராயர் திறக்குமாண்ணா?"
"திறக்காது."
"அப்புறம் உள்ள எதுக்கு?"
யாராவது திறந்து பார்த்துவிட்டால்? அதைச் சொல்ல வெட்கம். "முறைன்னு ஒண்ணு இருக்கும்மா" என்று மழுப்பினேன்.

பிப்ரவரி 19
என் பேச்சைக் கேட்டுவிட்டார்கள். அதுதான் வினை. நாற்காலிக்குள், விளக்குக்குள், மேசை மேலிருக்கும் அழைப்பு மணிக்குள், எங்கும் ஸ்பிரிங், திருகாணி. கணினியில் எந்த உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. அவை கூடக்கூடக் கணினிக்கு மூச்சு வாங்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அறை அசையவே யோசிக்கிறது.
"ஒரு அழைப்பு மணிக்குள்ள இத்தனை முக்கோணமா? இதுல ஒரு தெருவே கட்டலாமே!" என்றார் ஆசிரியை. யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சே.

பிப்ரவரி 20
விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல ஆசிரியை அறைக்குப் போனேன். தட்டக் கையைத் தூக்கினேன். இறக்கினேன். திரும்பாமல் அப்படியே பின்பக்கமாகவே நடந்து வந்துவிட்டேன். பேசாத பெண் நடையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள்.

பிப்ரவரி 21
மறுபடி போனேன். ஆசிரியையே கதவைத் திறந்துவிட்டார். சொல்ல வேண்டியதாயிற்று.
"கண்காட்சி முடியட்டும் சார். அப்புறம் பேசலாம்."

பிப்ரவரி 24
கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் வெட்டச் சொன்னேன். "இத நீங்களாண்ணா சொல்றீங்க?" வெட்டினார்கள். அறை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.
ஆனால் திரையில், அந்த அறையின் மூலையில் புதிதாக ஓர் ஆள். வயதானவர். கழுத்து வரை பட்டன். எழுந்து மேசைக்குப் போகிறார், மணி மேல் கையைத் தூக்குகிறார், இறக்குகிறார், திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்து உட்கார்ந்துகொள்கிறார். மறுபடியும். மறுபடியும்.
"யாரும்மா இது?"
"சும்மா ஒரு பேஷன்ட்ணா" என்றாள் வாயாடி.
தூங்குமூஞ்சிகூட விழித்துக்கொண்டு சிரித்தான்.
வீட்டில் மனைவியிடம் முறையிட்டேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நான் அவரப் பாக்கணும். கூட்டிட்டுப் போங்க."

பிப்ரவரி 26
காலையில் யாரும் வருமுன் போய், கணினியில் அந்தப் பெரியவரைத் திருப்பிப் பார்த்தேன். முதுகே இல்லை! உள்ளே வெறும் பொந்து. கண்ணுக்குத் தெரியாததை வெட்டச் சொன்னேன் அல்லவா, எப்போதும் சுவர்ப் பக்கமே இருக்கும் முதுகு எதற்கு என்று அதையும் வெட்டிவிட்டார்கள். திரைக்குள் அறையைச் சுற்றிவரும் பார்வையாளர் ஒருவர் அவர் பின்னால் போனால் போச்சு, மானம் காற்றில்.
முதுகு செய்தேன். திருகாணி வைக்கவில்லை.
அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை.

பிப்ரவரி 27
நல்ல கூட்டம். அறை திணறவில்லை. பெரியவர் எழுந்தார். மணி மேல் கையைத் தூக்கினார். மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்கள்.
டங்!
டங் டங் டங் டங் — பல் மருத்துவரின் கதவு திறக்கும் வரை விடவில்லை. பின்வரிசையில் என் மனைவியின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.
"டேய், நீதானே?" வாயாடி தூங்குமூஞ்சியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. பேசாத பெண் மட்டும் என் கையைப் பார்த்தாள். நான் பட்டனைச் சரிசெய்துகொண்டேன்.
மூவரும் தேர்ச்சி.

மார்ச் 2
ஆசிரியை அறைக் கதவைத் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே.
"விலகுறதப் பத்தியா சார்?"
"இல்ல மேடம். அந்தத் திருகாணியெல்லாம் என் யோசனை. அப்புறம்... அடுத்த வருஷம் எனக்கு எந்த மூணு பேர்?"
பெரியவரை மணியடிக்க வைத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. தூங்குமூஞ்சிக்கு நல்ல பெயர் வந்துகொண்டிருக்கிறது. அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?