பெகுலாவின் தெப்பம்

1996 நவம்பர் 4, திங்கள்
மழை. எங்கள் பார்க்டேல் தெருக்கள் முழுக்கச் சேறு. சப்பாத்து ஓட்டை. வாங்க வேண்டும்.
ஹோட்டல் சலவைப் பகுதியில் என்னோடு துவாய் மடிக்கும் ரூமா அசாம்காரி. கவிதை எழுதுகிறவள். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழாக்கி சிவம் அண்ணையின் மாத இதழுக்குக் கொடுப்பதாகப் பேச்சு.
அவர்களின் பழைய கதை: பாம்பு தீண்டி இறந்த புருஷனைத் தெப்பத்தில் கிடத்தி, பெகுலா ஆற்றோடு போகிறாள். தேவர்கள் முன் ஆடி உயிரை மீட்கிறாள். ரூமாவின் கவிதையில் தேவர்கள் கதவே திறக்கவில்லை. கடைசி வரியில் பெகுலா தெப்பத்தை ஆற்றோடு விட்டுவிட்டுத் தனியே நடக்கிறாள்.
பொல்லாத பெட்டை இந்த ரூமா.

நவ. 6
கடைசி வரி தமிழில் வரவில்லை. எழுதுவதும் வெட்டுவதும்.
ஊரில் என் புருஷனை ஆமி பிடித்துக்கொண்டு போய் வருஷங்கள். செய்தியே இல்லை. நெற்றிப் பொட்டை ஒரு நாளும் விட்டதில்லை. இந்தக் கையால் அந்த வரியா? மாட்டேன். பெகுலாவின் புருஷன் எழும்பி உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறான் என்று முடித்தேன்.
சிவம் அண்ணைக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல முடிவு தங்கச்சி. சனத்துக்கு இப்ப இதுதான் வேணும். இந்த மாசமே போடுறன்."

நவ. 8
பால், கத்தரிக்காய், பஸ் ரிக்கற்.
மாற்றியதை ரூமாவிடம் சொன்னேன். கத்தவில்லை. மடித்துக்கொண்டே சொன்னாள்: "என் அண்ணனையும் உன் புருஷனைப் போலத்தான் இராணுவம் கொண்டுபோனது. அம்மா இன்னும் அவனுக்குச் சோறு எடுத்து வைக்கிறாள். அவளுக்காக எழுதின வரி அது."
எனக்குக் கோபம். உன் அண்ணனும் என் புருஷனும் ஒன்றா? அடுத்த துவாயை உதறி மடித்தேன்.

நவ. 10, ஞாயிறு
காலையில் கொழும்பிலிருந்து இவருடைய தம்பியின் போன். லைனில் ஒரே இரைச்சல்.
"அண்ணி, அண்ணையோடை ஆமிக் காம்பிலை இருந்த ஒராள் வெளியிலை வந்திட்டார். அண்ணை போன வருசமே... கண்ணாலை கண்டவராம்."
"உடம்பு?"
"தரேல்லை, அண்ணி."
அடுப்பில் சோறு குழைந்துபோனது. கொட்டினேன்.

நவ. 11
ரூமாவின் வரியை எழுதினேன். தடங்கலில்லாமல் வந்தது. சி. அண்ணைக்குப் போன்.
"முடிவை மாத்த வேணும் அண்ணை."
"ஐயோ, இதழ் சனிக்கிழமையே அடிச்சு முடிஞ்சுது. ஏன் தங்கச்சி, என்ன பிழை?"
"ஒண்டுமில்லை."

நவ. 15
முதல் ஸ்நோ. இதழ் வந்தது. வேலைக்குக் கொண்டுபோனேன்.
ரூமா என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். என் பங்குத் துவாய்களையும் தானே மடித்தாள். பிறகு, தமிழில் வாசி, கேட்கிறேன் என்றாள்.
இதழை விரித்து வாசித்தேன். அச்சில் அவர் எழும்பி உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார்.