அறுபத்திரண்டு அடி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று எனக்கு அப்போதே தெரியும். நீ கம்ப்யூட்டரில் நம் மனையை வரைந்து அனுப்பிய அன்றே, தாளைக் கையில் வாங்கியதுமே, இது வில்லங்கத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். வேண்டுமானால் அவரையே கேள். ஞாபகம் இல்லை என்பார், அவருக்கு எனக்குச் சாதகமான எதுவும் ஞாபகம் இருந்ததில்லை.

படம் அழகாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர்த் தொட்டி வட்டமாக, படிக்கட்டு கோடு கோடாக, மேலே வடக்கைக் காட்டும் அம்பு, சுவரை ஒட்டி விட வேண்டிய காலி இடம் புள்ளிப் புள்ளியாக, பின் மூலையில் உன் அம்மாவுக்கென்று பச்சை நிறத்தில் ஓர் அறை, அதோடு சேர்ந்த குளியலறை. நகராட்சி அலுவலகத்தில் அதை விரித்தபோது பத்துப் பதினைந்து பேர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். யார் வரைந்தது என்று கேட்டார்கள். என் அண்ணன் மகள், நான் சொல்லச் சொல்ல வரைந்தாள் என்றேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்தான், ஆனால் பிளான் பார்க்க எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு வீடு வரைவது வேறு, அந்த வீட்டில் கிடப்பது வேறு. உன் அம்மா இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து மாடியை விட்டு இறங்கவே இல்லை, ஏழு மாதம் ஆகிறது. கீழே என் பட்டறையும் சமையலறையும்தான், குளியலறை மேலேதான் இருக்கிறது என்பது உனக்கே தெரியும். நீ வந்து ஒரு வாரம் இருந்திருந்தால் நீயே டேப்பைப் பிடித்து அளந்திருக்கலாம். லீவு இல்லை என்றாய். சரி, உன் லீவு உன்னோடு இருக்கட்டும்.

மனையைப் பார்க்க நகராட்சியிலிருந்து அந்த இஞ்சினியர் பெண் வந்த கதையை உனக்குப் போனில் பாதிதான் சொன்னேன். அவள் டேப் கொண்டுவரவில்லை, உள்ளங்கை அளவு ஒரு கருவி, அதை அமுக்கினால் எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது. அதை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் நடந்தாள். பிறகு உன் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயா, வலது பக்கம் பிளான்ல அறுபத்திரண்டு அடி போட்டிருக்கு, எனக்கு ஐம்பத்திநாலேகால்தான் வருது. இப்படியே கட்டினா உங்க அண்ணியோட குளியலறை பின்வீட்டு டெய்லரோட அடுப்பு மேலதான் நிக்கும்" என்றாள். கூட வந்த கிளார்க் சிரித்துவிட்டான். நான் சும்மா விடுவேனா, இவன் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர் மனைகளை அளந்தவன் நான் என்று ஒரு பிடி பிடித்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டு, அனுமதி இல்லை என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

டெய்லர் சுவரை நகர்த்தியதை அவர்களிடம் அப்போதுதான் சொன்னேன், பிறகு போனில் உனக்கும் சொன்னேன். அதற்கு நீ அங்கிருந்தே மெயிலில் புகார் எழுதினாய், உன் அம்மாவுக்கும் போன் போட்டுச் சொன்னாய். நீ சொன்னால் அவளுக்கு வேதம். டெய்லர் மனைவி மூன்று வருடமாக மத்தியானம் ஆனால் மாடி ஏறி வருவாளே, பட்டன் தைக்கிற வேலையை மடியில் வைத்துக்கொண்டு இவளோடு ஊர்க்கதை பேசுவாளே, அவளை உன் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நிலத்தைத் திருடிட்டு என்கிட்ட நியாயம் பேச வராத" என்று சொன்னது கீழே பட்டறையில் எனக்குக் கேட்டது. அந்த அம்மா இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு மத்தியானங்களில் மேலே ஒரு சத்தமும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு பாதியோடு திரும்பி வருகிறது. நான் போய் உட்கார்ந்தால், நீங்க உங்க வேலையைப் பாருங்க என்கிறாள். என் கதைகள் அவளுக்குச் சலித்துவிட்டன போலிருக்கிறது, இத்தனைக்கும் ஒரே கதையை நான் இரண்டு தடவை ஒரே மாதிரி சொன்னதில்லை.

டெய்லரும் வந்தார். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்து நின்றார். "அண்ணே, அடுத்த மாசம் இருபதாம் தேதி பத்திரத்தோட ஆபீஸுக்கு வான்னு எனக்கு நோட்டீஸ் வந்திருக்கு. நான் எப்பண்ணே சுவரை நகத்தினேன்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் மேஸ்திரியைக் கூட்டிப்போய் அந்தப் பக்கத்தை மறுபடி அளந்தேன். பத்திரத்தில் அந்த அளவு மட்டும் மடிப்பில் அழிந்துபோயிருந்ததால்தானே நீ என்னை அளக்கச் சொன்னாய், மேஸ்திரியோடு டேப் பிடித்தேன் என்றுகூட உன்னிடம் சொல்லியிருந்தேன். டேப் எங்கே பிடித்தேன், குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து எண்ணினேன். இந்த முறையும் அப்படியே வைத்தேன், சரியாக அறுபத்திரண்டு. பார்த்தீரா என்றேன். அவர் டேப்பை இழுத்தார், ஐம்பத்திநாலேகால். என் செருப்பின் மேல் டேப்பை வைத்தார், பத்தரை அங்குலம். "உங்க அடி வேற, டேப்போட அடி வேற, முதலாளி" என்றார். இதில் என் தப்பு என்ன சொல்லு. எத்தனை அடி சித்தப்பா என்று கேட்டாய், எத்தனை அடி என்று சொன்னேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவனைப் போய்க் கேட்க வேண்டும். பின்பக்கக் கோடு சாய்வாக வருகிறதே என்று நீ போனில் சந்தேகப்பட்டதும், நம் மனை ஆதியிலிருந்தே சாய்வுதான் என்று நான் அடித்துச் சொன்னதும் இருக்கட்டும். நீ படித்தவள், இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பக்கத்துக்கு ஐம்பத்திநாலேகால் போட்டு மறுபடி வரை. பட்டறையில் பாதியை எடுத்துக்கொள். லேத்தை எங்காவது தள்ளிப் போட்டுக்கொள்கிறேன், இனிமேல் அதில் நான் என்ன பெரிதாகக் கடையப் போகிறேன். அறை சின்னதானால் பரவாயில்லை, ஜன்னல் பின்பக்கம் வரட்டும், குரல் கொடுத்தால் டெய்லர் வீட்டுக்குக் கேட்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ராத்திரி முழுக்க அந்தத் திரையையே பார்க்காதே. நீ எங்கிருந்தாலும் மனம் போல் வாழ வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இருபதாம் தேதிக்கு முன்னால் புகாரைத் திரும்ப வாங்கிவிடு. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வேறு ஏதாவது சொல்லத் தோன்றிவிடும், அதற்குத்தான் காகிதம். சுவரை இடித்த மூன்று கொத்தனார்கள், கல் ஏற்றி வந்த வண்டி, அதை நான் கண்ணால் பார்த்தேன் என்றது எல்லாம் அந்தப் பெண்ணின் முன்னால், கிளார்க் சிரித்ததும் என் வாயில் வந்தது. டெய்லர் சுவரை நகர்த்தவில்லை. உன் அம்மாவிடம் சொல்ல நேற்று மாடி வரை ஏறினேன், தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். நீ சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா